ஏழாம் பலகை

ஏரலில் இறங்கியபோது மணி ஒன்றரை.
கடைத்தெரு சாப்பிடப் போயிருந்தது.
வெயில் மட்டும் நடுரோட்டில்
யாருக்கோ காத்து நின்றது.

மாடியில் மரச்சன்னல், கீழே கடை,
இரண்டுக்கும் இடையில்
சுண்ணாம்பில் செய்த கிளிகள், மூக்கில்லாமல்.
வீடு வீடாக அளந்து எழுதச் சொல்லி
என்னை அனுப்பியிருந்தார்கள்:
அகலம், உயரம், தூண் எத்தனை,
"பாரம்பரிய மதிப்பு" என்றொரு கட்டம்,
அதில் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஏதாவது.

ஒரு நாய் டேப்பின் மறுமுனையை
மோந்து பார்த்துவிட்டு விலகியது.

தெரு முடிகிற இடத்தில் ஆறு.
(அதை அளக்கச் சொல்லவில்லை.)
முழங்காலளவு தண்ணீரில்
ஒருவன் மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தான்,
காதுக்குப் பின்னாலும் அழுக்கிருக்கும் என்பதுபோல்
கண்ணாடிகளின் முதுகைத் தேய்த்துத் தேய்த்து.
இந்தத் தண்ணீரா என்று தோன்றியது.

பாத்திரக்கடை ஒன்று பாதி திறந்திருந்தது.
பாதி என்றால்
ஒன்பது பலகையில் நாலு.
கல்லாவில் உட்கார்ந்து ராஜபுஷ்பம்
மோர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.
"அளக்கதுன்னா அளந்துக்கிடுங்க,
விக்கதுக்கு இல்ல" என்றாள்
யாரும் விலை கேட்காமலேயே.

சுவரில் ஒரு கோடு.
சாமி படத்தின் கழுத்தளவில்
பழுப்பாக, நேராக,
கொத்தனார் நூல் பிடித்தது மாதிரி.
எவ்வளவு தண்ணி என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் அண்ணாந்து பார்க்கவில்லை.
"அதுக்கு மேலயும் வந்துச்சு.
அந்த எடத்துலதாம்
ரெண்டு நாளு நின்னு யோசிச்சுச்சு."

கதவுப் பலகைகளை எண்ணினேன்.
சாய்ந்தவை நாலு, நிற்பவை ஐந்து.
தேக்கு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் உளி வெட்டிய எண்,
௧, ௨, ௩ என்று ௬ வரைக்கும்.
அதற்கடுத்து ஒரு பிளைவுட்,
மார்க்கர் பேனாவில் 7 என்று எழுதி,
பாதி வருசத்தில் பள்ளிக்கூடம் சேர்ந்த
பையனைப்போல விறைப்பாக.
பிறகு மறுபடி உளி.

"ஏழு எங்க?"

"ஆத்தூர்ல கெடக்கு.
கொடிக்கால்ல, வாய்க்காலுக்குக் குறுக்க.
எங்க வீட்டுக்காரவ போய்ப் பாத்தாவ.
ஒரு பிள்ள வெத்தலக் கட்டோட
அது மேல நடந்து வந்துச்சாம்.
கேக்காமலே திரும்பிட்டாவ."

"தேக்காச்சே" என்றேன்.

"தேக்குதாம்" என்றாள்,
தட்டைக் கழுவ எழுந்து போனாள்.

படிவத்தில் பலகை எட்டு என்று எழுதினேன்.
அடித்துவிட்டு ஒன்பது.
அதையும் அடித்தேன்.
மதிப்புக் கட்டத்தில்
மோர் சொட்டியிருந்தது, எப்போது என்று தெரியவில்லை.

திருநெல்வேலிக்குத் திரும்பவேண்டியவன்
முக்காணி வழி பஸ்ஸில் ஏறினேன்.

கொடிக்காலுக்குள் வேறு வெயில்.
அகத்தியைப் பிடித்து ஏறிய வெற்றிலை
அதை வடிகட்டித்தான் கீழே விட்டது.
நாலாவது வாய்க்காலில் கிடந்தது பலகை.
கடையில் பார்த்த எதையும்விடக் கறுத்து,
நடுவில் பாதங்கள் வழவழப்பாக்கிய ஒரு தடம்.
எண், மேல் பார்த்து.

"ஏறி வாங்க, முறியாது" என்றாள்
அக்கரையில் கட்டு சுமந்து நின்ற சிறுமி.
"இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"
கொஞ்சம் பெருமையாகத்தான் கேட்டேன்.

"எ."

"எ-ன்னா?"

"எங்க, எப்ப, எவன்...
கேக்கதுக்கெல்லாம் முன்னால வருமே, அந்த எ."

எழுத்தில்லை பாப்பா, எண் என்று
திருத்த வந்தேன்.
எண்ணுக்கும் முதலில் அதுதான் நின்றது.

வேறு வழியில்லாமல் டேப்பை எடுத்தேன்.
கட்டை இறக்கி வைத்துவிட்டு
மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.
ஒன்பது அங்குலம்.
ஆறடி இரண்டு.
எழுதுவதற்குள்
பின்னால் சைக்கிளை உருட்டி வந்த ஒருவர்
மணியடித்தார்.

ஒதுங்கினோம்.